போலி (சொல்)

இக்கட்டுரை போலி என்னும் சொல்லின் பொருளையும் வழக்கையும் பற்றியது. இனிப்புப் பண்டம் பற்றி அறியப் போளி என்னும் கட்டுரையைப் பார்க்கவும்.

போலி என்பது ஒன்றைப் போலத் தோன்றி, ஆனால் அதுவாக இல்லாத மற்றொன்றைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். இன்றைய பேச்சு வழக்கிலும் செய்தித்தாள்களிலும் இச்சொல் பெரும்பாலும் ஏமாற்றும் நோக்குடன் செய்யப்பட்டவற்றையே சுட்டுகின்றது (போலி மருந்து, போலிச் சான்றிதழ், போலி மருத்துவர்). ஆயினும் தமிழ் இலக்கணத்தில் இது குற்றத்தைக் குறிக்கும் சொல் அன்று. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் இருப்பதை இலக்கண நூலார் போலி என வழங்கினர். அளவை நூல்களில் (தருக்க நூல்களில்) சரியானது போலத் தோன்றும் பிழையான வாதத்தை இது குறிக்கும். இம்மூன்று பொருள்களுக்கும் அடிப்படையாக இருப்பது ஒப்புமை என்னும் கருத்தே.

சொற்பிறப்பு

போல் என்னும் அடியுடன் இகர விகுதி சேர்ந்து போலி என்னும் சொல் உருவாயிற்று. போல், போல, போன்ற, போலும் ஆகியவை இதே அடியிலிருந்து பிறந்தவை. இவ்வடி பிற திராவிட மொழிகளிலும் உண்டு. மலையாளத்தில் போலெ எனவும், தெலுங்கில் போலு எனவும், கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து ஹோலு எனவும் வழங்குகின்றது. இவை அனைத்தும் ஒத்திருத்தல் என்னும் பொருளையே தருகின்றன. எனவே ஏமாற்று என்னும் பொருள் இச்சொல்லின் வேரில் இல்லை; அது வழக்கினால் பின்னர் ஏறிய பொருள் எனலாம்.

தொல்காப்பியத்தின் உவமவியல் உவமப்போலி என்னும் தொடரைப் பயன்படுத்தி, அது ஐந்து வகைப்படும் எனக் கூறுகின்றது. அங்கும் இச்சொல்லுக்கு இழிவுப் பொருள் இல்லை.

இலக்கணத்தில் போலி

எழுத்துப்போலி

ஒரு சொல்லில் இருக்கவேண்டிய எழுத்திற்குப் பதிலாக வேறோர் எழுத்து வந்தும் சொல்லின் பொருள் மாறாதிருப்பின் அது போலி எனப்படும். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதற்கான விதிகளைத் தருகின்றது. மாற்றம் நிகழும் இடத்தைக் கொண்டு இதைப் பின்வருமாறு வகைப்படுத்துவர்.

- முதற்போலி: சொல்லின் முதலெழுத்து மாறுவது. எ.கா: மஞ்சு - மைஞ்சு, மயல் - மையல், பசல் - பைசல்.
- இடைப்போலி: சொல்லின் இடையெழுத்து மாறுவது. எ.கா: அமச்சு - அமைச்சு, இலஞ்சி - இலைஞ்சி, அரயர் - அரையர்.
- கடைப்போலி: சொல்லின் இறுதியெழுத்து மாறுவது. எ.கா: அகம் - அகன், நிலம் - நிலன், பந்தல் - பந்தர், சாம்பல் - சாம்பர்.
- முற்றுப்போலி: எல்லா எழுத்துகளும் மாறுவது. எ.கா: ஐந்து - அஞ்சு.

முதலிலும் இடையிலும் அகரமும் ஐகாரமும் தம்முள் மாறிவருவது ச, ஞ, ய ஆகியவற்றின் முன்னரே நிகழும் என்பது விதி. மேலே உள்ள எடுத்துக்காட்டுகளில் இதைக் காணலாம். அதேபோல மகரத்தில் முடியும் அஃறிணைப் பெயர்களுள் சிலவே னகரமாக மாறும். ஆகவே இலக்கணத்தில் போலி என்பது எங்கும் நிகழக்கூடிய எழுத்துப்பிழை அன்று. வரையறைக்கு உட்பட்ட மாற்றம் ஆகும்.

ஐந்து என்பதை அஞ்சு எனச் சொல்வது கொச்சை எனச் சிலர் கருதுவதுண்டு. ஆனால் அது முற்றுப்போலி என ஏற்கப்பட்ட வடிவமே.

ஐகாரத்தை அய் எனவும் ஔகாரத்தை அவ் எனவும் எழுதுவதும் (ஐயர் - அய்யர், ஔவை - அவ்வை) எழுத்துப்போலியின்பாற்படும்.

இலக்கணப்போலி

இலக்கண முறைப்படி அமையாவிடினும், இலக்கணம் உடையதைப் போலவே சான்றோரால் ஏற்கப்பட்டு வழங்கிவரும் சொற்கள் இலக்கணப்போலி எனப்படும். பெரும்பாலும் இவற்றில் சொற்கள் முன்பின்னாக மாறி நிற்கும். எடுத்துக்காட்டாக இல்லின் முன் என்னும் பொருளில் இல்முன் என வரவேண்டியது முன்றில் என வழங்குகின்றது. நகர்ப்புறம் என்பது புறநகர் எனவும், கிளைநுனி என்பது நுனிக்கிளை எனவும் மாறி வழங்குகின்றன. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றையும் இயல்பு வழக்கு என நன்னூல் ஒன்றாகவே வைக்கின்றது.

அளவை நூலில் போலி

வடமொழித் தருக்க நூல்களில் ஆபாசம் என்னும் சொல் போலித் தோற்றத்தைக் குறிக்கும். ஏதுவைப் போலத் தோன்றி ஏதுவாகாதது ஏத்துவாபாசம் எனப்பட்டது. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை இதைப் போலி எனத் தமிழாக்கிப் பக்கப்போலி, ஏதுப்போலி என்னும் கலைச்சொற்களை ஆள்கின்றது. (ஆபாசம் என்னும் சொல் இன்றைய தமிழில் முற்றிலும் வேறான பொருளில் வழங்குவது குறிப்பிடத்தக்கது.)

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை முறையை விளக்குகின்றார். அங்கு கூறப்படும் போலிகள் வருமாறு.

- பக்கப்போலி (மேற்கோளில் உள்ள பிழை): 9
- ஏதுப்போலி (காரணத்தில் உள்ள பிழை): 14. இவை அசித்தம் 4, அநைகாந்திகம் 6, விருத்தம் 4 என மூவகைப்படும்.
- திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் உள்ள பிழை): 10

ஆக மொத்தம் 33 போலிகள் ஆகும். இவற்றுள் சில எளிதில் புலப்படுபவை. ஒலி செவிக்குப் புலனாவதில்லை எனல் கண்கூடான அறிவுக்கு முரணான பக்கப்போலி. ஒருவன் தன் தாயை மலடி எனல் தன் சொல்லுக்கே முரணான பக்கப்போலி.

எளிதில் புலப்படாதவையே பெரும்பாலும் மக்களை மயக்குகின்றன. ஒலி அநித்தமானது, ஏனெனில் அது அறியப்படுவது என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அழியும் குடமும் அறியப்படுவதே. அழியாதது எனக் கொள்ளப்பட்ட ஆகாயமும் அறியப்படுவதே. எனவே அறியப்படுதல் என்னும் ஏது இரு பக்கமும் செல்வதால் எதையும் நிறுவுவதில்லை. இது அநைகாந்திகத்தின் ஒரு வகை ஆகும்.

இதே போலியை இன்றைய விளம்பரங்களிலும் காணலாம். இது மூலிகையால் ஆனது, ஆகவே தீங்கற்றது என்னும் கூற்றில், மூலிகை என்பது உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் துளசியும் செடியே, அரளியும் செடியே. எட்டிக்காயும் மரத்தில் விளைவதே. செடியிலிருந்து கிடைத்தது என்பதால் தீங்கற்றது என்னும் முடிவு கிடைப்பதில்லை. இங்கு சொல்லப்பட்ட செய்தி பொய் அன்று. அதிலிருந்து பெறப்படும் முடிவே பிழையாகும்.

இலக்கியத்தில்

திருக்குறளின் 28ஆம் அதிகாரமான கூடாவொழுக்கம், துறவு வேடம் பூண்டு தீயொழுக்கம் உடையோரைக் கண்டிக்கின்றது. போலி என்னும் சொல் இவ்வதிகாரத்தில் இல்லை. ஆயினும் போலித் துறவி என இன்று கூறப்படும் கருத்து முழுமையாக உள்ளது. புலித்தோல் போர்த்து மேயும் பசு, புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடன், புறத்தே சிவந்து மூக்கில் கறுத்த குன்றிமணி ஆகிய உவமைகள் இதில் வருகின்றன. அம்பு நேரானதாயினும் கொடியது, யாழ் வளைந்ததாயினும் இனியது, ஆகவே ஒருவரை வடிவால் அன்றிச் செயலால் அறிக என்பதும் இவ்வதிகாரத்தின் கருத்தாகும்.

இன்றைய வழக்கு

சொல்லமைப்பு

போலி என்பது பெயர்ச்சொல். போலியான (பெயரடை), போலியாக (வினையடை), போலித்தனம் (பண்புப்பெயர்) ஆகியவை இதன் வழிவந்தவை. வேறொரு பெயருக்கு முன் நிற்கையில் வல்லெழுத்து மிகும். எ.கா: போலிக் கையொப்பம், போலிச் சான்றிதழ், போலித் துறவி, போலிப் பத்திரம். மெல்லினமும் இடையினமும் வரின் மிகாது. எ.கா: போலி மருந்து, போலி வாக்காளர்.

ஒத்த சொற்களும் வேறுபாடும்

கீழ்க்காணும் சொற்கள் ஒன்றற்கொன்று பதிலாகப் பயன்படுத்தப்படுவதுண்டு. ஆனால் அவற்றின் பொருள் வேறு.

- பொய்: உண்மைக்கு மாறான கூற்று. போலி பெரும்பாலும் பொருளையோ ஆளையோ குறிக்கும். பொய் சொல்லைக் குறிக்கும்.
- நகல்: மூலத்தின் படி. தன்னை நகல் என்றே காட்டிக்கொள்வதால் இது போலி ஆகாது. நகலை மூலம் எனக் காட்டினால் அது போலி.
- கலப்படம்: உண்மையான பொருளுடன் வேறொன்று சேர்க்கப்பட்டது. போலியில் உண்மையான பொருள் சிறிதும் இல்லாமல் இருக்கலாம்.
- கள்ள: சட்டத்துக்குப் புறம்பாகவும் மறைவாகவும் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் கள்ள நோட்டு என்பதே பெருவழக்கு. இலங்கைச் செய்தித்தாள்களில் போலி நாணயத்தாள் என்னும் வழக்கு உண்டு.
- பாசாங்கு: இல்லாத உணர்வையோ நிலையையோ இருப்பதாக நடித்தல்.
- கண்துடைப்பு: செய்யவேண்டியதைச் செய்ததாகக் காட்டுவதற்காக மட்டும் செய்யப்படும் செயல்.
- திரிபு: உண்மையான செய்தியை வளைத்துக் கூறுதல்.

கவரிங் நகை இவ்வேறுபாட்டை விளக்க நல்ல எடுத்துக்காட்டு. அது தங்கம் போலத் தோன்றினும் கவரிங் என்றே சொல்லி விற்கப்படுவதால் அதை யாரும் போலி நகை என்பதில்லை. அதே நகையைத் தங்கம் எனச் சொல்லி அடகு வைத்தால் அது போலி நகை ஆகிவிடுகின்றது. பொருள் மாறவில்லை, அதைப் பற்றிச் சொல்லப்பட்டதே மாறியது. எனவே இன்றைய வழக்கில் போலி என்பது பொருளின் பண்பு மட்டுமன்று, அதை முன்வைப்பவரின் கூற்றையும் சார்ந்தது.

அறிவியல் கலைச்சொற்களில்

கலைச்சொல்லாக்கத்தில் போலி என்பது ஒத்தது என்னும் பழைய பொருளிலேயே ஆளப்படுகின்றது. அமீபா நகர்வதற்கும் உணவைப் பற்றுவதற்கும் பயன்படுத்தும் தற்காலிக நீட்சிகள் போலிக்கால்கள் எனப்படும். கணினியியலில், நிரல்மொழி எதையும் சாராமல் ஒரு படிமுறையை எழுதிக்காட்டும் வடிவம் போலிக் குறிமுறை எனப்படும். இவற்றில் ஏமாற்று எதுவும் இல்லை. மாறாகப் போலி அறிவியல் என்னும் தொடரில் ஏமாற்று அல்லது மயக்கம் என்னும் பொருள் உண்டு.

சட்டத்தில்

நாள்தோறும் தளர்வாகப் பயன்படுத்தப்படும் இச்சொல்லுக்குச் சட்டத்தில் குறுகிய வரையறைகள் உள்ளன. இவ்வேறுபாட்டை அறியாததால் வழக்குகள் தோற்பதும் உண்டு.

போலி ஆவணம்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 463, 464, 471 ஆகிய பிரிவுகளில் இருந்த ஆவணப் போலிமை பற்றிய விதிகள், 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 335, 336, 340 ஆகிய பிரிவுகளில் உள்ளன. பிறர் எழுதியதாக அல்லது கையொப்பமிட்டதாக நம்பச்செய்யும் நோக்குடன் ஆவணம் உருவாக்குதல், உரிமையின்றி ஆவணத்தைத் திருத்துதல், மனநலமின்மையாலோ போதையாலோ வஞ்சகத்தாலோ உள்ளடக்கம் அறியாதவரிடம் கையொப்பம் பெறுதல் ஆகியவை போலி ஆவணம் உருவாக்குதல் ஆகும்.

ஒருவர் தமக்குச் சொந்தமில்லாத நிலத்தைத் தமது நிலம் எனக் கூறித் தமது சொந்தப் பெயரிலேயே கையொப்பமிட்டு விற்றால், பேச்சு வழக்கில் அதைப் போலிப் பத்திரம் என்பர். ஆனால் முகமது இபுராகிம் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் (2009) இந்திய உச்ச நீதிமன்றம், அவ்வாறு விற்றவர் தம்மை வேறொருவராகக் காட்டிக்கொள்ளாததால் அது போலி ஆவணம் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. அப்பத்திரத்தில் உள்ள கூற்று பொய். பத்திரம் போலி அன்று. அதை நம்பிப் பணம் கொடுத்தவர் மோசடி என முறையிடலாம் எனவும் நீதிமன்றம் விளக்கியது. நில உரிமையாளரின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து கையொப்பமிட்டிருந்தால் அது போலி ஆவணம் ஆகியிருக்கும்.

போலி மருந்து

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டம் தவறான பெயரிட்ட மருந்து (பிரிவு 17), கலப்பட மருந்து (பிரிவு 17அ), போலி மருந்து (பிரிவு 17ஆ) என மூன்றைத் தனித்தனியே வரையறுக்கின்றது. வேறொரு மருந்தின் பெயரில் செய்யப்பட்டது, ஏமாற்றும் வகையில் வேறொரு மருந்தை ஒத்திருப்பது, இல்லாத நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது, முழுமையாகவோ பகுதியாகவோ வேறு பொருளால் ஈடுசெய்யப்பட்டது ஆகியவை போலி மருந்துகள். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இத்தகைய மருந்தால் உயிரிழப்பு நேர்ந்தால் 10 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனையும் ஆயுள் தண்டனை வரையும் விதிக்கலாம்.

உரிமம் பெற்ற நிறுவனம் செய்து, ஆய்வில் தரம் குறைந்தது எனக் கண்டறியப்பட்ட மருந்து போலி மருந்து ஆகாது. உலக சுகாதார அமைப்பும் 2017இல் தரக்குறைவான மருந்து, போலி மருந்து என இவற்றைப் பிரித்து வரையறுத்தது. குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் மருத்துவப் பொருட்களில் ஏறத்தாழ 10இல் 1 இவ்விரண்டில் ஒன்றாக இருக்கும் என அவ்வமைப்பு அதே ஆண்டில் மதிப்பிட்டது. நோயாளிக்கு இரண்டும் தீங்கே. ஆனால் ஒன்றைத் தடுக்கத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டையும், மற்றொன்றைத் தடுக்க விற்பனை வழியையும் ஆராய வேண்டியுள்ளது.

போலி மருத்துவர்

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்போருக்கு ஓராண்டு வரை சிறையோ 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களைப் போலி மருத்துவர் எனக் கூறுவது பிழை. எனினும் பூனம் வர்மா எதிர் அசுவின் படேல் வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம், ஒரு மருத்துவ முறையில் அறிவில்லாமல் அம்முறையில் மருத்துவம் பார்ப்பவர் அம்முறையைப் பொறுத்தவரை போலி மருத்துவரே எனக் கருத்துரைத்தது. அவ்வழக்கில் ஓமியோபதி மருத்துவர் ஒருவர் ஆங்கில மருந்துகளைக் கொடுத்திருந்தார்.

போலிப் பல்கலைக்கழகம்

1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 22ஆம் பிரிவில் வரையறுத்தது. பல்கலைக்கழகம் என்னும் சொல்லையே உரிமையற்ற நிறுவனங்கள் பெயரில் சேர்க்கக்கூடாது என 23ஆம் பிரிவு தடுத்தது. மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வந்துள்ளது. பிறர் பெயரைத் திருடாவிடினும், உரிமையின்றி ஒரு சொல்லைப் பயன்படுத்துவதாலேயே ஒரு நிறுவனம் இங்கு போலி ஆகின்றது.

கள்ள ஓட்டு

பிறர் பெயரில் ஒருவர் வாக்களிப்பது கள்ள ஓட்டு எனப்படும். தமது வாக்கை வேறொருவர் ஏற்கனவே பதிவுசெய்துவிட்டதாக அறியும் உண்மையான வாக்காளர், 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளின் 49பி விதிப்படி, தமது அடையாளத்தை நிறுவி வாக்குச்சீட்டின் வழியாக வாக்களிக்கலாம். 2018இல் வெளியான சர்கார் திரைப்படத்திற்குப் பின் இவ்விதி தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டது.

கணினியிலும் இணையத்திலும்

கணினி எழுத்துகளை வடிவத்தால் அன்றிக் குறியெண்ணால் அறிகின்றது. ஆகவே மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு எழுத்துகள் கணினிக்கு வெவ்வேறாக இருக்கலாம். ஒருங்குறியில் தமிழ் எண்ணான ௧ (1) என்பதும் க என்னும் எழுத்தும் தனித்தனிக் குறியெண் கொண்டவை. ௨ (2) - உ, ௭ (7) - எ, ௮ (8) - அ ஆகிய இணைகளும் இத்தகையவை. ஔ என்னும் ஒரே எழுத்தை ஒ, ள என இரண்டாகத் தட்டச்சு செய்தாலும் படிப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் தேடுபொறியில் சொல் கிடைக்காமல் போகலாம்.

இதையே ஏமாற்றுவதற்கும் பயன்படுத்துகின்றனர். சிரில்லிய எழுத்துகள் சில இலத்தீன எழுத்துகளை முற்றிலும் ஒத்தவை. 2017இல் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் இணைய முகவரியைச் சிரில்லிய எழுத்துகளால் எழுதிப் பதிவுசெய்து, உலாவிகள் அதை உண்மையான முகவரி போலவே காட்டுவதை ஓர் ஆய்வாளர் மெய்ப்பித்தார். இலக்கணத்தில் எழுத்து மாறியும் பொருள் மாறாதது போலி. இங்கோ தோற்றம் மாறாமல் பொருள் மாறுகின்றது.

போலிச் செய்தி என்பது உண்மையான செய்தியின் வடிவில் பரப்பப்படும் பொய்யைக் குறிக்கும். பழைய வெள்ளத்தின் உண்மையான படத்தை இன்றைய வெள்ளம் எனப் பரப்பினால், படம் போலி அன்று; அதனுடன் இணைக்கப்பட்ட விளக்கமே பொய். இத்தகைய படத்தில் திருத்தம் ஏதும் இராததால், படத்தை மட்டும் ஆராய்வோர் அதை உண்மை எனவே முடிவு செய்யக்கூடும். படம் முதலில் எங்கே, எப்போது வெளியானது என்று தேடுவதே இதற்கு உரிய வழி. மாறாக டீப்ஃபேக் எனப்படும் நுட்பத்தில் முகமும் குரலுமே செயற்கையாக உருவாக்கப்படுகின்றன.

போலியை இனங்காணல்

போலி மூலத்தை ஒத்திருக்கவே செய்யப்படுவதால், அதை மட்டும் உற்றுநோக்கி உண்மையை அறிவது கடினம். எனவே பொருளை அன்றி அதை வழங்கியதாகக் கூறப்படுபவரைக் கேட்டறிவதே பெரும்பாலான சரிபார்ப்பு முறைகளின் அடிப்படை ஆகும்.

- மருத்துவர்: பதிவு எண்ணை மாநில மருத்துவ மன்றத்தின் பதிவேட்டுடன் ஒப்பிடலாம்.
- நிலம்: விற்பவர் தரும் படியை மட்டும் நம்பாமல், பதிவுத்துறையில் வில்லங்கச் சான்றும் சான்றிட்ட நகலும் பெறலாம்.
- பட்டம்: மானியக் குழுவின் பட்டியலைப் பார்ப்பதுடன் பட்டம் வழங்கிய நிறுவனத்திடமே உறுதிசெய்யலாம்.
- தங்க நகை: 2023 ஏப்பிரல் 1 முதல், கட்டாய முத்திரைக்கு உட்பட்ட நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 குறிகளைக் கொண்ட அடையாள எண் இருத்தல் வேண்டும். இதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.
- மருந்து: 2023 ஆகத்து 1 முதல் 300 வணிகப் பெயர் மருந்துகளின் உறையில் பட்டைக் குறியோ விரைவுக் குறியோ அச்சிடப்பட வேண்டும் என்பது விதி.
- இணைய முகவரி: வந்த இணைப்பைச் சொடுக்காமல் முகவரியைத் தாமே தட்டச்சு செய்வது பாதுகாப்பானது.

உண்மையானதைப் போலி எனக் கூறுவதும் தீங்கு விளைவிக்கும். தக்க ஆய்வின்றிப் போலி எனச் சுட்டப்பட்ட மருந்தை நோயாளி கைவிடலாம். போலிச் செய்தி என்னும் முத்திரையால் உண்மையான செய்தி புறக்கணிக்கப்படலாம். ஆகவே ஒன்றைப் போலி எனக் கூறும்போது, அது எதனுடைய போலி, எந்த வகையில் அதனின்று வேறுபடுகின்றது என்னும் இரண்டையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.